கருமணற் கரையோர மக்களும் கதிர்வீச்சும்

1909-ஆம் ஆண்டில், ஷாம்பெர்க் என்ற ஜெர்மானிய இரசாயன நிபுணர், இந்தியாவின் தென்கோடிக் கரையிலிருந்து ஏற்றுமதியான தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலைச் சோதித்தார். அதில் மோனசைட் என்னும் கனிமம் இருக்கக் கண்டார். அக்காலத்தில் ‘காஸ்’ விளக்குகளின் மேண்டில்கள் செய்யத் தோரியம் தேவைப்பட்டது. மோனசைட்டிலிருந்து தோரியம் கிடைக்கும். எனவே, மணவாளக்குறிச்சியிலும் அதற்கு வடக்கே கொல்லத்தை அடுத்த கரையிலும் உள்ள கருமணலுக்கு உலகச் சந்தையில் மதிப்பு ஏற்பட்டது. அம்மணலின்மீது தலைமுறை தலைமுறையாகக் குடிசை போட்டு, வலை உலர்த்தி, குழந்தைகளைப் பெற்று வளர்த்து வந்த மக்களைப் பற்றி அப்போது எவரும் வினா எழுப்பவில்லை. அவ்வினா எழுந்தது ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னரே. அதற்கு விடை தேடிய வரலாறு, விஞ்ஞானம் எவ்வாறு நடைபெறுகிறது என்பதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாக விளங்குகிறது.

கரையின் இயல்பு

கேரளத்தில், ஆலப்புழை மாவட்டத்துப் புறக்காட்டிலிருந்து கொல்லம் மாவட்டத்துச் சக்திகுளங்கரை வரை ஏறத்தாழ 55 கிலோமீட்டர் நீளமும் அரைக் கிலோமீட்டர் அகலமும் உள்ள ஒரு கரைத்துண்டு இருக்கிறது. மலைப் பாறைகள் சிதைந்து, ஆறுகளால் அடித்து வரப்பட்டு, கடலலைகளால் கரையில் ஒதுக்கப்பட்ட கனமான மணல் இங்கே படிந்திருக்கிறது. இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான் ஆகியவற்றுடன் மோனசைட்டும் அதில் கலந்துள்ளது. இந்த மோனசைட்டில் 8 முதல் 10 சதவிகிதம் வரை தோரியம் ஆக்ஸைடு உண்டு. தோரியத்தின் அரை ஆயுட்காலம் சுமார் 1,400 கோடி ஆண்டுகள். அது சிதையும்போது தோன்றும் வழித்தோன்றல் தனிமங்கள் காமாக் கதிர்களை இடையறாது வெளிவிடுகின்றன.

இக்கதிர்வீச்சின் அளவு கரை முழுவதும் ஒரே சீராக இல்லை. ஒரு வீட்டில் குறைவாகவும், சில நூறு அடிக்கு அப்பால் உள்ள வீட்டில் பன்மடங்காகவும் இருக்கும். ஆண்டுக்கு 1 மில்லிகிரேக்குக் குறைவாக உள்ள இடங்களும் உண்டு. 45 மில்லிகிரே வரை எட்டும் இடங்களும் உண்டு. ஆண்டுக்கு 1.5 மில்லிகிரேக்கு மேற்படாத இடங்களை ஆராய்ச்சியாளர்கள் சாதாரணப் பகுதி எனக் கொள்கின்றனர். இவ்வாறு ஒரே மொழியும் ஒத்த உணவும் ஒத்த தொழிலும் உடைய மக்கள், கதிர்வீச்சில் மட்டும் வேறுபட்டு அருகருகே வாழ்வது ஆராய்ச்சிக்கு அரிய வாய்ப்பாகும்.

1959-ஆம் ஆண்டில் உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிபுணர் குழு ஒன்று, இயற்கைக் கதிர்வீச்சு மிகுந்த பகுதிகளில் மனித பாரம்பரியத்தைப் பற்றி ஆராய்வது குறித்து அறிக்கை வெளியிட்டது. அணுகுண்டுச் சோதனைகளால் உலகெங்கும் கவலை பரவியிருந்த காலம் அது. 1966-ஆம் ஆண்டில் வெளிவந்த குரூனெபெர்க் குழுவினரின் ஆராய்ச்சி, இக்கரையில் வாழும் எலிகளைச் சாதாரணப் பகுதி எலிகளுடன் ஒப்பிட்டது. கதிர்வீச்சினால் விளைந்தது என்று கூறத்தக்க வேறுபாட்டை அது காணவில்லை. எனினும், எலியின் ஆயுள் குறுகியது. மனிதனோ அதே மணலில் அறுபது, எழுபது ஆண்டுகள் வாழ்கிறான்.

ஒரு சர்ச்சை

1976-ஆம் ஆண்டில், கொச்சுப்பிள்ளை முதலிய ஆராய்ச்சியாளர்கள் ‘நேச்சர்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். கரைப்பகுதியில் சுமார் 13,000 பேரையும், ஒப்பீட்டுக்காக வேறொரு பகுதியில் சுமார் 6,000 பேரையும் பரிசோதித்ததில், கரைப்பகுதியில் டவுன் நோய்க்குறி உடையவர்கள் மிகுந்திருப்பதாக அக்கட்டுரை கூறிற்று. டவுன் நோய்க்குறி என்பது 21-ஆம் குரோமோசோம் இரண்டாக இருப்பதற்குப் பதிலாக மூன்றாக இருப்பதால் ஏற்படுவது. இச்செய்தி கரையோரக் குடும்பங்களுக்கு எத்தகைய அச்சத்தை விளைவிக்கக் கூடும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இம்முடிவுக்கு மறுப்பும் விரைவிலேயே எழுந்தது. டவுன் நோய்க்குறியின் வாய்ப்பு தாயின் வயதைப் பெரிதும் பொறுத்தது. இருபத்தைந்து வயதுத் தாய்க்கு ஏறத்தாழ 1,250 பிரசவங்களில் ஒன்றாக உள்ள இவ்வாய்ப்பு, நாற்பது வயதில் நூற்றில் ஒன்று என்ற அளவை எட்டுகிறது. ஆகவே, ஒரு பகுதியில் வயது முதிர்ந்த தாய்மார் சற்று அதிகமாக இருந்தாலே, கதிர்வீச்சு சிறிதும் இன்றியே வேறுபாடு தோன்றிவிடும். இருபுறத்துத் தாய்மார்களின் வயதும் சரிவர ஒப்பிடப்பட்டதா என்பதும், ஒப்பீட்டுக் கூட்டம் போதிய அளவு பெரியதா என்பதும் விவாதத்துக்கு உள்ளாயின. சர்ச்சை முற்றிலும் தீர வேண்டுமாயின், பெருந்தொகையினரை, பிறந்த நாளிலிருந்தே, ஒரே முறையில் பரிசோதிக்க வேண்டும் என்பது தெளிவாயிற்று.

உயிரணு வளர்ப்பு

இங்கேதான் உயிரணு வளர்ப்பு முறை துணைக்கு வருகிறது. குருதியில் உள்ள லிம்போசைட் என்னும் வெள்ளணுக்கள் சாதாரணமாகப் பிளவுபடுவதில்லை. பிளவுபடாத உயிரணுவில் குரோமோசோம்களைத் தனித்தனியே காண இயலாது. சிவப்புக் காராமணி போன்ற ஒரு வகை அவரை விதையிலிருந்து எடுக்கப்படும் ஒரு பொருள், இவ்வணுக்களைப் பிளவுபடத் தூண்டும் என்பதைப் பீட்டர் நோவெல் 1960-ஆம் ஆண்டில் கண்டறிந்தார். சிவப்பணுக்களைத் திரட்டி அகற்றுவதற்காகவே அதுகாறும் அப்பொருள் பயன்பட்டு வந்தது. இக்கண்டுபிடிப்புக்குப் பின், சில துளிக் குருதியைக் கொண்டே ஒருவரின் குரோமோசோம்களை ஆராய்வது எளிதாயிற்று.

முறை இதுதான்: குருதியை ஊட்டக் கரைசலில் இட்டு, அவரைப் பொருளைச் சேர்த்து, 37 பாகை வெப்பத்தில் ஏறத்தாழ இரண்டு நாள் வைப்பர். பிளவின் நடுவே அணுக்களை நிறுத்துவதற்குக் கால்ச்சிசின் சேர்ப்பர். பின்னர் நீர்த்த உப்புக் கரைசலில் அவற்றை உப்பச் செய்து, கண்ணாடித் தகட்டில் துளித்து, சாயமேற்றி, நுண்பெருக்கியில் நோக்குவர். 46 குரோமோசோம்களும் பரந்து கிடப்பது கண்ணுக்குப் புலனாகும்.

கதிர்வீச்சு இரண்டு குரோமோசோம்களை முறித்து, முறிந்த முனைகள் மாறி ஒட்டிக்கொண்டால், இரண்டு மையங்களை உடைய குரோமோசோம் உண்டாகலாம். கதிர்வீச்சின் தடயமாக விஞ்ஞானிகள் முதன்மையாகத் தேடுவது இதனையே. பிளவின்போது அது இருபுறமும் இழுபடுவதால், அதனை உடைய அணு பெரும்பாலும் அழிந்துவிடும். எனவேதான் முதற் பிளவிலேயே எண்ண வேண்டும். இரண்டு நாள் என்ற கணக்கின் காரணம் அதுவே.

டிராம்பேயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் விஞ்ஞானிகள், இம்முறையைக் கரைப்பகுதி மருத்துவமனைகளில் பிறக்கும் சிசுக்களின் தொப்புள்கொடிக் குருதியில் கையாண்டனர். இக்குருதியை எடுப்பதால் குழந்தைக்கு வலி ஏதும் இல்லை. மேலும், சிசு புகைபிடித்ததில்லை, மருந்து உண்டதில்லை, எக்ஸ் கதிர்ப் படம் எடுத்துக்கொண்டதில்லை. அதன் அணுக்களில் காணும் கோளாறு, ஒன்று பெற்றோரிடமிருந்து வந்ததாகவோ, அன்றிக் கருப்பையில் நேர்ந்ததாகவோ இருத்தல் வேண்டும்.

எண்ணிக்கையின் இன்றியமையாமை

இரட்டை மையக் குரோமோசோம் சிசுக்களில் மிக அரிது. 10,000 அணுக்களில் ஏதோ ஓரிரண்டில் மட்டுமே காணப்படும். பத்தாயிரத்துக்கு 2 என்பது உண்மை அளவு என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 10,000 அணுக்களை எண்ணினால், சுமார் ஏழு தடவைக்கு ஒரு தடவை ஒன்றுகூட அகப்படாது; ஏழு தடவைக்கு ஒரு தடவை நான்கோ அதற்கு மேலோ அகப்படும். ஒருவர் ‘கதிர்வீச்சே தீங்கற்றது’ என்பார். மற்றவர் ‘இருமடங்கு தீங்கு’ என்பார். இருவரும் கண்டது தற்செயலையே. பன்னிரண்டு இலட்சம் அணுக்களை எண்ணினாலோ, எதிர்பார்க்கும் தொகை 240. தற்செயலான ஏற்றத்தாழ்வு பெரும்பாலும் 15 அல்லது 16-க்குள் அடங்கும். அப்போதுதான் உண்மை வேறுபாடு இருந்தால் அது வெளிப்படும்.

2013-ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியில் 27,000-க்கும் மேற்பட்ட சிசுக்களின் குரோமோசோம்கள் இவ்வாறு எண்ணப்பட்டன. அணுக்களின் தொகை பன்னிரண்டு இலட்சத்தைத் தாண்டிற்று. மிகுந்த கதிர்வீச்சுள்ள பகுதிக்கும் சாதாரணப் பகுதிக்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. 1995 முதல் பிறந்த 1,41,540 சிசுக்களை ஆராய்ந்ததிலும், செத்துப் பிறத்தலோ பெரும் பிறவிக் குறைகளோ கதிர்வீச்சுக்கு ஏற்ப மிகுவதாகத் தெரியவில்லை.

புற்றுநோயைப் பற்றிய ஆராய்ச்சி வேறு வழியில் நடந்தது. 1990-ஆம் ஆண்டில் கருநாகப்பள்ளி வட்டத்தில் புற்றுநோய்ப் பதிவேடு தொடங்கப்பட்டது. களப்பணியாளர்கள் வீடுதோறும் சென்று, 3,85,000 மக்களைப் பற்றிய விவரங்களைக் குறித்தனர். 70,000-க்கும் மேற்பட்ட வீடுகளின் உள்ளும் புறமும் கதிர்வீச்சை அளந்தனர். அவர்களுள் 30 முதல் 84 வயது வரை உள்ள 69,958 பேரைச் சராசரி பத்தரை ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆராய்ச்சி 2009-ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1,379 பேருக்குப் புற்றுநோய் கண்டிருந்தது. ஆனால், பெற்ற கதிர்வீச்சு மிகுந்தவர்களிடையே நோய் மிகுந்திருக்கவில்லை.

கூறத்தக்கதும் கூறத்தகாததும்

இதனைக் கொண்டு ‘கருமணல் தீங்கற்றது என நிரூபிக்கப்பட்டுவிட்டது’ என்று கூறலாமா? கூடாது. மேற்கூறிய ஆராய்ச்சியின் கணக்கையே நோக்குவோம். இரத்தப் புற்றுநோய் நீங்கலாக, ஒரு கிரே கதிர்வீச்சுக்கு நோய் வாய்ப்பில் ஏற்படும் மாறுதல், 58 சதவிகிதக் குறைவுக்கும் 46 சதவிகித மிகுதிக்கும் இடையே எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்பதே அதன் முடிவு. 2023-ஆம் ஆண்டில், பிரான்சு, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளின் அணுத்தொழிலாளர் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பற்றி வெளியான ஆராய்ச்சியோ, ஒரு கிரேக்குப் புற்றுநோய் மரணம் 52 சதவிகிதம் மிகுவதாகவும், அது 27-க்கும் 77-க்கும் இடையே இருக்கலாம் எனவும் கூறுகிறது. முன்னது நோய் கண்டவர்களையும் பின்னது மரணங்களையும் கணக்கிட்டது உண்மையே. எனினும் இரண்டின் எல்லைகளும் ஒன்றன்மீது ஒன்று படிகின்றன. ஆகவே, இவை முரண்பட்ட தீர்ப்புகள் என்று கொள்வதற்கில்லை. கரைப்பகுதியில் அளக்கத்தக்க தீங்கு காணப்படவில்லை என்பதே முறையான கூற்று. பெருந்தீங்கு இருந்திருப்பின் இத்தனை பெரிய கணக்கெடுப்பில் அது மறைந்திருக்க முடியாது. சிறு தீங்கு ஒன்று மறைந்திருத்தல் கூடும்.

இந்த வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. ‘இம்மண்ணில் பிறந்த பிள்ளை குறையுடையது’ என்ற அச்சத்தைப் பரப்புவோரும், ‘இம்மணலில் புதைந்து படுத்தால் நோய் தீரும்’ என்று விற்போரும் உலகில் உண்டு. இவ்விருவருக்கும் ஆராய்ச்சி சான்று பகரவில்லை. கரையில் வாழும் ஒரு தாய், ‘என் குழந்தைக்கு இதனால் கேடு உண்டா?’ என்று வினவினால், ‘ஒன்றேகால் இலட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பார்த்தாயிற்று, மற்ற ஊர்க் குழந்தைகளுக்கு இல்லாத குறை இங்கே மிகுந்திருக்கக் காணவில்லை’ என்று விடை கூறலாம். அது உண்மையும் ஆகும், ஆறுதலும் ஆகும்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் விளக்குவதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. 490 வெள்ளை மொச்சைக் கொட்டைகளுடன் 10 சிவப்புக் கொட்டைகளை ஒரு பானையில் கலந்து, ஒவ்வொரு மாணவனும் பாராமல் நூறு கொட்டைகளை எடுத்து எண்ணிவிட்டு, மீண்டும் பானையில் இட்டுக் கலக்கச் செய்க. சிலருக்குச் சிவப்பே வாராது. சிலருக்கு நான்கு வரும். பின்பு வகுப்பின் எண்களையெல்லாம் கூட்டிச் சராசரி காணச் செய்க. நூற்றுக்கு இரண்டை அது நெருங்கி வருவதை மாணவர்களே காண்பர்.

களப்பணியாளருக்கு ஒரு சொல். 1976-ஆம் ஆண்டுச் சர்ச்சையின் மையமாக இருந்தது அரிய கருவி எதுவும் அன்று. தாயின் வயது என்னும் ஒரு சிறு குறிப்பே. வீட்டு வாசலில் நின்று, ‘அம்மா, தங்களுக்கு வயது என்ன?’ என்று கேட்டு, பிறந்த ஆண்டைச் சரிபார்த்து, தெளிவாக எழுதுகின்ற பணியாளர், நுண்பெருக்கியின் முன் அமர்ந்திருக்கும் விஞ்ஞானிக்குச் சற்றும் குறையாத பங்கை இவ்வாராய்ச்சியில் ஆற்றுகிறார்.