செல்போனில் கேம் ஆடும் பிள்ளையை கேம் செய்ய வைக்கலாம்! பைசா செலவில்லாத வழி இதோ

சுரண்டை:

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பிள்ளை செல்போனும் கையுமா உட்கார்ந்துடுதுன்னு புலம்பாத பெற்றோர் சுரண்டையில் குறைவு. அதே பிள்ளையை ஒரு கேமை உருவாக்க வைக்கலாம். இதற்குப் பெயர்தான் புரோகிராமிங். மார்க்கெட்டில் மூட்டை தூக்குறவங்க பிள்ளையும், பீடி சுத்துறவங்க பிள்ளையும் இதை கத்துக்கலாம்.

முதல் பாடம் தெருவில்

கம்ப்யூட்டருக்கு சுயபுத்தி கிடையாது. சொன்னதை, சொன்ன வரிசையில் செய்யும். இதைப் புரிய வைக்க கம்ப்யூட்டரே வேண்டாம், சாக்பீஸ் போதும்.

தரையில் 5-க்கு 5 கட்டம் போடுங்க. ஒரு மூலையில் டிபன் பாக்சை வையுங்க. ஒரு பிள்ளை ரோபோ. இன்னொரு பிள்ளை பேப்பரில் உத்தரவு எழுதணும். "3 கட்டம் முன்னே போ, வலது பக்கம் திரும்பு, 2 கட்டம் போ" என்கிற மாதிரி. ரோபோ அதில் இருப்பதை மட்டும்தான் செய்யணும்.

வழி தப்பினால் திட்டாதீங்க. எந்த வரியில் தப்புன்னு பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். புரோகிராமர்கள் ஆபீசில் தினமும் செய்யும் வேலையும் இதுதான்.

அடுத்து ஸ்க்ராட்ச்

அமெரிக்காவின் எம்.ஐ.டி. 2007-ல் வெளியிட்ட இலவச சாப்ட்வேர் ஸ்க்ராட்ச். 8 வயதில் இருந்தே பழகலாம். கட்டளைகள் கலர் கட்டைகளாக இருக்கும். ஒன்றோடு ஒன்று ஒட்டினால் திரையில் பூனை நடக்கும், பேசும். ஒருமுறை கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால் இன்டர்நெட் இல்லாமலும் ஓடும்.

2019-ல் வந்த தமிழக அரசின் 10-ம் வகுப்பு அறிவியல் புத்தகத்திலும் ஸ்க்ராட்ச் உண்டு. ஆனால் ஸ்டேஜ், ஸ்பிரைட் என்று மனப்பாடம் செய்து மார்க் வாங்குவதோடு நின்றால் பயனில்லை. அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் இருக்கிறது. அங்கே செய்து பார்க்க வைக்கும்படி ஆசிரியரிடம் பெற்றோர் கேட்கலாம்.

தமிழிலும் எழுதலாம்

இங்கிலீஷ் பயம் உள்ள பிள்ளைக்கு முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' இருக்கிறது. அதில் கட்டளைகள் தமிழ். "பதிப்பி 25*4" என்று எழுதினால் 100 என விடை வரும். கிலோ 25 ரூபாய் தக்காளி 4 கிலோவுக்கு எவ்வளவுன்னு அம்மாவின் கடைக்கணக்கையே போட்டுப் பார்க்கலாம். சொந்த வீட்டுக் கணக்கு என்றால் பிள்ளைக்கு ஆர்வம் தானாக வரும்.

பக்கத்திலேயே வாய்ப்பு

தென்காசி அருகே மத்தளம்பாறையில் 2011 முதல் ஜோஹோ சாப்ட்வேர் கம்பெனி இயங்கி வருகிறது. பிளஸ்-2, டிப்ளமோ முடித்தவர்களை தனது பயிற்சிப் பள்ளியில் சேர்த்து, கட்டணம் வாங்காமல், உதவித்தொகையும் கொடுத்து அந்த கம்பெனி தொழில் கற்றுத் தருகிறது. மார்க்கை விட யோசிக்கும் திறமைக்குத்தான் அங்கே மதிப்பு.

அந்தத் திறமை பிளஸ்-2 முடித்த பிறகு ஒரே நாளில் வந்துவிடாது. வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. பிள்ளை திணறும்போது விடையைச் சொல்லாமல், "அடுத்து என்ன செய்யணும்?" என்று கேளுங்க. அதைக் கேட்க கம்ப்யூட்டர் தெரிந்திருக்க வேண்டியதில்லை என்பது குறிப்பிடத்தக்கது.