தோல்பாவைக்குச் சதை வைக்கும் வேலை

மலர்க் குழுவினர் "உங்கள் தொழிலைப் பற்றி ஒரு கட்டுரை தாருங்கள்" என்று கேட்டபோது சற்றுத் தயங்கினேன். சங்க மலரில் சங்க இலக்கியம் வரும், இதய நோய் வரும், குடியுரிமைச் சட்டம் வரும். நான் செய்வதோ கணிப்பொறி விளையாட்டுகளுக்கு ஆள் செய்து கொடுக்கும் வேலை. ஊரில் அம்மாவைக் கேட்டால், "பையன் டொராண்டோவுல கம்ப்யூட்டர்ல பொம்மை பண்றான்" என்றுதான் சொல்வாள். அதில் தப்பொன்றும் இல்லை.

என் ஊர் பாலக்காட்டு மாவட்டம், சித்தூர் வட்டம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். அம்மா பிறந்தது இடுக்கி மாவட்டம், மூணாறு தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டில். இரண்டுமே எல்லைப் பகுதி. வீட்டில் தமிழ், ரேஷன் கார்டில் மலையாளம். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இந்தத் தொழிலில் எனக்குப் புரியாமல் கிடந்த ஒரு விஷயத்துக்கு விடை இந்த இரண்டு ஊர்களிலிருந்துதான் கிடைத்தது.

முதலில் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். ஜப்பானிய 'அனிமே' பாணியில் ஒரு பாத்திரத்தை வரைந்து தருவார்கள். முன்புறம், பக்கவாட்டு, பின்புறம் என்று மூன்று படம் இருக்கும். பெரிய கண், மூக்கு இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி, கத்திமுனை போல நிற்கும் தலைமுடி. அதை வைத்துக்கொண்டு, தோலில் மயிர்க்கால் தெரிகிற மாதிரி, வெயில் பட்டால் வியர்வை மின்னுகிற மாதிரி, முப்பரிமாணத்தில் ஓர் ஆளைச் செய்ய வேண்டும். படத்தை அப்படியே அளந்து களிமண் பிடிப்பதுபோல் பிடித்தால் போதாதா என்று கேட்பீர்கள். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் நினைத்தேன்.

என் முதல் முயற்சி பதினேழு வயது வீராங்கனை ஒருத்தி. படத்திலிருந்த கண்ணின் அகலத்தை ஸ்கேல் வைத்து அளந்து அப்படியே செய்தேன். படத்தில் கண் என்பது ஒரு கோடுதான். நிஜத்தில் கண் ஓர் உருண்டை. அகலத்தை இரண்டு மடங்காக்கினால் உருண்டையின் கன அளவு எட்டு மடங்காகிவிடும். அந்தப் பெண்ணின் மண்டை ஓட்டுக்குள் இரண்டு கண்ணையும் வைத்த பிறகு மூளைக்கு இடமே இல்லை. இமை மூடவில்லை. தோலுக்கு அழகாக நிறம் கொடுத்து விளக்கைப் போட்டுப் பார்த்தால், பிணவறையிலிருந்து எழுந்து வந்தவள் மாதிரி இருந்தாள். பக்கத்து மேஜை நண்பர் "இவளை ராத்திரி ஸ்கிரீன்ல விட்டுட்டுப் போகாதீங்க" என்றார்.

இதற்கு ஜப்பானில் ஒருவர் 1970லேயே விளக்கம் எழுதி வைத்திருக்கிறார். மசாஹிரோ மோரி என்ற இயந்திர மனிதத் துறைப் பேராசிரியர். ஒரு பொம்மை மனிதனைப் போல ஆக ஆக நமக்கு அதன்மேல் பிரியம் கூடும். ஆனால் ஏறக்குறைய மனிதனே என்ற கட்டத்துக்கு வந்து, முழுக்க மனிதனாகாமல் நிற்கும்போது பிரியம் போய் அருவருப்பு வந்துவிடும். அந்த இறக்கத்தை அவர் பள்ளத்தாக்கு என்றார். அவருடைய வரைபடத்தில் பிணம் பள்ளத்தின் அடியில் இருக்கிறது. பள்ளத்தைத் தாண்டிய மறுகரையில் 'புன்ராகு' என்னும் ஜப்பானிய மரப்பாவை இருக்கிறது. மரப்பாவை எப்படி மறுகரைக்குப் போயிற்று என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை.

அனிமே பாணி எப்படி உண்டாயிற்று என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். ஒஸாமு தெஸுகா 1952இல் 'ஆட்டம்' என்ற இயந்திரச் சிறுவனைப் படக்கதையில் வரைந்தார். 1963இல் அவன் தொலைக்காட்சிக்கு வந்தான். வாராவாரம் அரைமணி நேரத் தொடர், கையில் பணம் குறைவு. சினிமாவில் ஒரு விநாடிக்கு 24 சட்டங்கள் ஓடும். ஒரே படத்தை மூன்று சட்டத்துக்கு நிறுத்திவைத்தால் எட்டுப் படம் வரைந்தால் போதும். வரைகிற ஒவ்வொரு படத்திலும் கோடு குறைவாக இருந்தால் இன்னும் லாபம். ஆகவே மூக்கு சுருங்கியது, உணர்ச்சியெல்லாம் கண்ணுக்குப் போயிற்று. சிக்கனத்தில் பிறந்த அழகு அது. ஆட்டம் பையனின் தலையில் இரண்டு கூர்முனைகள் உண்டு. அவன் எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த இரண்டு முனையும் நம் கண்ணுக்குத் தெரியும். நிஜத் தலையில் அது நடக்காத காரியம். ஒன்றை மற்றது மறைக்கும். கோடு பொய் சொல்கிறது, நாமும் சந்தோஷமாக நம்புகிறோம்.

அப்படியானால் எந்தப் பொய்யை வைத்துக்கொள்வது, எதை விடுவது? எங்கள் தொழிலில் உள்ள சங்கடம் முழுவதும் இதுதான்.

'ஃபைனல் ஃபேன்டஸி 7' என்ற விளையாட்டு 1997இல் வந்தது. அதன் நாயகன் க்ளவுட் படத்தில் அனிமே வாலிபன், விளையாட்டுக்குள் செங்கல் அடுக்கியது போன்ற கையோடு திரிந்தான். அன்றைய கணிப்பொறியின் சக்தி அவ்வளவுதான். 2020இல் அதே கதையை நிஜத்தோற்றத்தில் மறுபடி செய்தார்கள். கண்ணைச் சுருக்கினார்கள், மூக்கு எலும்பு வைத்தார்கள், முகத்தில் தோலின் மென்மை வந்தது. ஆனால் முள் முள்ளாக நிற்கும் தலைமுடியைக் கைவிடவில்லை. இழை இழையாகப் பிரித்து, கற்றையாக்கி, அதே வெளிவடிவத்துக்குள் நிறுத்தினார்கள். முதுகில் இருக்கும் பிரம்மாண்டமான வாளையும் குறைக்கவில்லை. அந்த வாளை ஒரு மனிதன் தூக்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் முடியும் வாளும் போய்விட்டால் அவன் க்ளவுட் இல்லை, வேறு யாரோ ஒரு பையன்.

2019இல் வந்த 'அலீட்டா' திரைப்படத்தில் நாயகிக்குக் கண்ணைப் பெரிதாகவே வைத்தார்கள். முன்னோட்டத்தைப் பார்த்தவர்கள் முகம் சுளித்தார்கள். படக்குழு கண்ணைச் சுருக்கவில்லை, கருவிழியைப் பெரிதாக்கி வெள்ளையைக் குறைத்தது. உறுத்தல் பெருமளவு போயிற்று. பெரிய கண் குற்றமில்லை, கண்ணில் வெள்ளை அதிகமானதுதான் குற்றம் என்று தெரிந்தது. அதே வருடம் 'சோனிக்' என்ற முள்ளெலிக்கு மனிதப் பல்லும் சின்னக் கண்ணும் வைத்து முன்னோட்டம் விட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் உருவத்தையே மாற்றி 2020இல் படத்தை வெளியிட்டார்கள். நம்மூரில் 2014இல் 'கோச்சடையான்' வந்தது. நடிகரின் அசைவை அப்படியே பதிவுசெய்து எடுத்த படம். உடல் அசைவில் ரஜினி தெரிந்தார், முகத்தில் தெரியவில்லை என்பது என் அபிப்பிராயம். ஒத்துக்கொள்ளாதவர்கள் மன்னிக்கவும்.

இனி ஊர் விஷயத்துக்கு வருகிறேன். பாலக்காட்டிலும் பாரதப்புழைக் கரையோரத்து மற்ற ஊர்களிலும் பத்ரகாளி காவுகளில் தோல்பாவைக்கூத்து நடக்கும். பாடுவது கம்பராமாயணம். கேரளத்துக் கோயிலில், மலையாளம் பேசும் புலவர்கள், கம்பன் பாட்டைத் தமிழில் பாடி விளக்கம் சொல்வார்கள். 42 அடி நீளக் கூத்துமாடம். திரைக்குப் பின்னால் 21 தேங்காய் மூடிகளில் எண்ணெய் விட்டுத் திரி ஏற்றியிருப்பார்கள். காளி தாரிகனோடு போர் செய்யப் போய்விட்டதால் ராம ராவண யுத்தத்தைப் பார்க்க முடியவில்லை, அவளுக்காகத்தான் இந்த ஆட்டம் என்று ஐதீகம். அதனால் எதிரே ஓர் ஆள் இல்லாவிட்டாலும் ராத்திரி முழுக்க நடக்கும். சின்ன வயதில் நான் பார்த்ததைவிடத் தூங்கியதே அதிகம்.

சில வருடங்களுக்கு முன் விடுமுறையில் போனபோது, பெரியவர் ஒருவரின் அனுமதியோடு திரைக்குப் பின்னால் உட்கார்ந்தேன். அப்போதுதான் பாவைகளை ஒரு தொழில்காரன் கண்ணோடு பார்த்தேன். முன்பு மான்தோல், இப்போது ஆட்டுத்தோல். முகம் பக்கவாட்டில் இருக்கும், கண் மட்டும் நேரே பார்ப்பதுபோல் முழுசாக இருக்கும். ஒரே ராமனுக்கு இருக்கும் ராமன், நடக்கும் ராமன், போர் செய்யும் ராமன் என்று தனித்தனித் தோல். பெரும்பாலும் ஒரு கைதான் அசையும். கோடு வரைந்து கண்ணும் நகையும் காட்டவில்லை, தோலில் ஓட்டை போட்டு வெளிச்சத்தால் காட்டுகிறார்கள். அனிமேக்காரர் பணத்துக்காகச் செய்த சிக்கனத்தை இவர்கள் தோலுக்காகவும் விளக்குக்காகவும் செய்திருக்கிறார்கள். அதிகம் குடைந்தால் தோல் கிழியும், குறைவாகக் குடைந்தால் நிழல் வெறும் கறுப்பு.

பெரியவரிடம் என் வேலையைச் சொன்னேன். சிரித்துவிட்டு, "அப்போ ராமனுக்குச் சதை வெக்கப் போறே, அல்லே?" என்றார். பிறகு ராவணனை எடுத்துக் காட்டினார். பத்துத் தலையும் ஒரே தோலில், ஒரே தளத்தில். "தம்பீ, இதிலே கழுத்து எவ்விடே வெப்பே?"

பதில் சொல்லத் தெரியவில்லை. இதே கேள்வி கேரளத்திலேயே பிறந்த ராஜா ரவிவர்மாவுக்கும் வந்திருக்க வேண்டும். சாமி படங்களை ஐரோப்பிய எண்ணெய் வண்ணத்தில் நிஜ மனிதராக்கியவர் அவர். ஜடாயு வதைப் படத்தில் அவருடைய ராவணனுக்கு ஒரே தலைதான். சிக்கல் தீர்ந்தது, பத்துத் தலையும் போயிற்று. யூகோ ஸாகோ என்ற ஜப்பானியர் இந்தியக் கலைஞர் ராம் மோகனோடு சேர்ந்து உருவாக்கி 1992இல் முடித்த அசைபட ராமாயணம், 2025 ஜனவரியில் தமிழ்க் குரலோடும் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது. அவர்களுக்குக் கோடு கைகொடுத்தது. கோட்டில் தலையை எங்கு வேண்டுமானாலும் வைக்கலாம். புனேயில் செய்து 2020இல் வெளியான 'ராஜி' விளையாட்டில் இன்னொரு வழி. ஆடும் இடம் முப்பரிமாணம், இடையில் புராணக் கதை சொல்லும் இடம் மட்டும் நிழற்பாவை. நிழலுக்குச் சதை வைக்காமலே விட்டுவிட்டார்கள். அது புத்திசாலித்தனம் என்றே நினைக்கிறேன்.

ஆனால் எனக்கு உறுத்துவது கழுத்து அல்ல. கோட்டுப் படம் நிறைய விஷயங்களைச் சொல்லாமல் விடும். பார்க்கிறவர் மனசுக்குள் நிரப்பிக்கொள்வார். நிஜ உருவம் செய்கிறவன் எதையும் விட முடியாது. மூக்கின் அகலம், உதட்டின் நிறம், காது மடல், எல்லாம் வைத்தாக வேண்டும். படத்தில் இல்லாததை எங்கிருந்து எடுப்பது? கையில் தயாராகக் கிடக்கும் முகத் தொகுப்புகளிலிருந்து. 2021 முதல் கணிப்பொறியில் பொத்தானை இழுத்தே முழு மனித முகம் உண்டாக்கும் கருவிகள் இருக்கின்றன. அவசரத்தில் எல்லோரும் அதைத்தான் தொடுகிறோம். அதனால் வெற்றிடத்தை நிரப்ப வருவது பெரும்பாலும் நமக்குச் சம்பந்தமில்லாத முகம். ராமன் என்றால் டி.வி. சீரியல் கிரீடம், ஜிம் உடம்பு.

ஒருமுறை எனக்கு ஒரு மலைக்கிராமத்துக் கிழவி வந்தாள். அனிமே படத்தில் அவள் முகத்துக்கு மூன்றே கோடு. நெற்றியில் ஒன்று, வாயோரம் இரண்டு. அந்த மூன்று கோட்டை வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். பிறகு மூணாற்று ஆச்சியை நினைத்தேன். ஆச்சியின் அம்மா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோட்டத்துக்குப் போனவர்கள். ஆச்சி நாற்பது வருடம் கொழுந்து கிள்ளியவள். கூடையின் கயிறு தலையில் அழுந்தி, முடி அந்த இடத்தில் மெலிந்திருக்கும். மலைக்காற்றில் கன்னத்தில் சின்னச் சின்ன வெடிப்பு. பாம்படம் போட்டு வளர்த்த காது, தோள் வரை தொங்கும். பாம்படத்தை என் அம்மாவின் கல்யாணத்துக்கு விற்றுவிட்டாள், காது மட்டும் அப்படியே இருந்தது. "காதுக்குள்ள கையை விடாதல, கிழிஞ்சிரும்" என்பாள்.

அந்த முகத்தை நினைவிலிருந்தும் இரண்டு பழைய போட்டோவிலிருந்தும் செய்தேன். டார்ச் லைட்டை விரலுக்குப் பின்னால் பிடித்தால் விரல் சிவப்பாகத் தெரியும் அல்லவா, தோலுக்குள் வெளிச்சம் புகுந்து வருவதைக் கணக்குப் போட்டுக் காட்டும் முறை ஒன்று உண்டு. அதை ஆச்சியின் காதுக்குப் போட்டதும், மெல்லிய மடலில் சாயங்கால வெயில் செக்கச்செவேல் என்று வந்தது. இந்தத் தொழிலில் நான் செய்ததிலேயே அதுதான் சரியாக வந்தது. சோதித்தவர் குறிப்பு அனுப்பினார்: காது உருக்குலைந்திருக்கிறது, பிழையைத் திருத்தவும். போட்டோவை அனுப்பி விளக்கினேன். மரியாதையாகவே பேசினார்கள். ஆனாலும் விளையாடுபவர்கள் பிழை என்று நினைப்பார்கள் என்று சொல்லி, கடைசியில் முடியை இழுத்துக் காதை மூடிவிட்டார்கள். முடிக்கு உள்ளே காது இன்னும் இருக்கிறது. யாருக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு ராத்திரிகளில் எனக்காக ஒரு ராவணனைச் செய்துகொண்டிருக்கிறேன். ஜப்பானில் 2014இல் வந்த 'கில்டி கியர்' என்ற சண்டை விளையாட்டில் ஒரு தந்திரம் உண்டு. முப்பரிமாண உருவத்தையே காமிராவுக்குத் தக்கபடி வளைத்து, கோட்டுப் படம்போல் காட்டுவார்கள். எங்கள் வேலைக்கு நேர் எதிர் திசை அது. அதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டேன். உருவம் ஒன்றாக இருக்கட்டும், அது விழுத்தும் நிழல் வேறாக இருக்கலாம். என் ராவணனுக்கு ஒரே தலை, ஒரே கழுத்து, நிஜத் தோல். அவனுக்கு முன்னால் 21 விளக்கு வைத்தேன். பின்னால் சுவரில் விழும் நிழலுக்கு மட்டும் பத்துத் தலை, தோல்பாவையில் பார்த்த அடுக்கில். அவன் திரும்பினாலும் நிழலில் பத்தும் தெரியும், ஆட்டம் பையனின் முடி மாதிரி.

அரை நிமிட வீடியோவைப் பெரியவரின் பேரன் கைபேசிக்கு அனுப்பினேன். மறுநாள் அவரே பேசினார். "நெழல் சரியாயிட்டுண்டு தம்பீ. முன்னால நிக்கற மனுஷன் ஆரு?"

முகத்துக்கு நான் அவசரத்தில் அந்தத் தொகுப்பிலிருந்துதான் எடுத்திருந்தேன். அதை அழித்துவிட்டு, இப்போது மூக்கிலிருந்து மறுபடி ஆரம்பித்திருக்கிறேன்.