சக்கரத்தில் சிக்கும் சிறு கல்

மத்தியப் பிரதேசத்தின் பன்னா மாவட்டத்தில் ஜன்வார் என்றொரு சிற்றூர் உள்ளது. அங்கு 2015ஆம் ஆண்டில், உல்ரிக் ரைன்ஹார்ட் என்னும் ஜெர்மானியப் பெண்மணியின் முயற்சியால், ஸ்கேட்போர்டு விளையாட்டிற்கென்றே ஒரு கான்கிரீட் பூங்கா அமைந்தது. நான்கு சக்கரம் பூட்டிய பலகையின்மேல் நின்று சறுக்கிச் செல்லும் விளையாட்டு அது. பாப்பிரெட்டிப்பட்டியில் இருக்கும் நமக்கு இச்செய்தி எதற்கு என்று வாசகர்கள் வினவலாம். கைபேசியில் அவ்விளையாட்டைக் கண்ட பிள்ளைகள் பலகை வேண்டுமென அடம்பிடிப்பதாகவும், வாங்கித் தரலாமா என்றும் பெற்றோர் எங்களைக் கேட்கின்றனர். விடை பலகையில் இல்லை, தரையில் இருக்கிறது.

ஜன்வார் பூங்காவின் விதிகள் இரண்டு. பள்ளிக்குச் செல்லாதவர்க்குப் பலகை கிடையாது. பெண் பிள்ளைகளுக்கே முதலிடம். அங்குப் பயின்ற ஆஷா கோண்டு, 2018இல் சீனாவின் நான்ஜிங் நகரில் நடைபெற்ற உலகப் போட்டியில் இந்தியாவின் சார்பில் பங்கேற்றார். இவ்விளையாட்டு ஒலிம்பிக்கில் இடம்பெறுவதற்கு முன்பே நிகழ்ந்தது இது.

இத்தகைய பூங்காவின் தரை, வீட்டுத் தளம் போடுவது போன்ற வேலையன்று. சொரசொரப்பாக விட்டால் சக்கரம் ஓடாது. அளவுக்கு மீறி மழமழப்பாக்கினால் பலகை வழுக்கும். வளைந்த சரிவுகளில் கலவை வழிந்து இறங்குமுன் கரணையால் தேய்த்து வடிவம் கொடுக்க வேண்டும். பின்னர்ப் பல நாள் ஈரம் காயாமல் நீர் விட்டு இறுகச் செய்ய வேண்டும். அவசரப்பட்டால் முதற்கோடையிலேயே வெடிப்பு விடும். பள்ளமான பகுதிகளின் அடியில் மழைநீர் வடிய வழியும் வேண்டும்.

கட்டுவது ஒருமுறை, பராமரிப்பது நாள்தோறும். மணலையும் சருகையும் பெருக்குதல், வடிகால் துளையின் அடைப்பை நீக்குதல், மயிரிழை வெடிப்புகளை மழைக்காலத்திற்கு முன் அடைத்தல், விளிம்பில் பதித்த இரும்புக் குழாய் பெயர்ந்துள்ளதா எனப் பார்த்தல் ஆகியவை அதன் அன்றாடப் பணிகள். இவற்றுள் விளக்குமாற்றுக்கு நிகரான கருவி இல்லை என்றே சொல்வோம். அச்சக்கரம் ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர் அளவுடையது. ஒரு சிறு கல் அதை நிறுத்திவிடும். நம் சாலையோரப் புளியமரம் உதிர்க்கும் ஒரு கொட்டையே போதும். பலகை நின்றுவிடும், பிள்ளை நிற்பதில்லை.

விழுபவர் இயல்பாகவே கையை ஊன்றுவர். உடலின் முழு எடையும் மணிக்கட்டில் இறங்கும். வளரும் பிள்ளைகளின் எலும்பு நுனியில் வளர்ச்சிக்குரிய மென்மையான பகுதி உண்டு. அடி அங்குப் பட்டால், வீக்கம் சிறிதாயினும் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது அவசியம்.

ஆதலின், கேட்கும் பெற்றோருக்கு நாங்கள் கூறுவது இதுதான். லாரியும் பேருந்தும் ஓடும் சாலையில் வேண்டவே வேண்டாம். பெருக்கிய சிமெண்டுத் தளம் ஒன்று கிடைக்குமாயின், ஹெல்மெட்டும் மணிக்கட்டு, முழங்கை, முழங்கால் காப்புகளும் அணிவித்து விளையாட விடலாம். ஐந்து வயது நிறையாத குழந்தைகளுக்கு இது ஏற்றதன்று. பத்து வயது வரை பெரியவர் ஒருவர் அருகில் நிற்க வேண்டும்.

கை வீங்கினால் எண்ணெய் தேய்த்து நீவாதீர்கள். இழுத்துச் சரிசெய்ய முயலாதீர்கள். வீக்கம் ஏறுமுன் வளையல், காப்பு, கயிறு ஆகியவற்றைக் கழற்றிவிடுங்கள். மடித்த செய்தித்தாளை அணையாக வைத்துத் துண்டால் கழுத்தோடு தொங்கவிட்டு அழைத்து வாருங்கள். மாவுக்கட்டோ மூங்கில் பத்தை வைத்த நாட்டுக் கட்டோ, எதுவாயினும், கட்டிய பின் விரல்கள் நீலம் பாய்ந்தாலோ மரத்துப்போனாலோ வலி ஏறிக்கொண்டே சென்றாலோ, விடியட்டும் என்று காத்திராமல் அந்த நேரத்திலேயே மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள்.