உங்களுக்குத் தெரியுமா? சுவரைத் தாண்டும் வைஃபை

◆ ரூட்டர் வாங்கப் போனால் கடைக்காரரிடம் நாம் கேட்கிற முதல் கேள்வி, “உள் ரூம் வரைக்கும் சிக்னல் வருமா?” என்பதுதான். கம்பியில்லா அலை சுவரைத் தாண்டுமா என்பதை 1890-களிலேயே கொல்கத்தாவில் ஒருவர் சோதித்துப் பார்த்துவிட்டார். பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்த ஜகதீச சந்திர போஸ் அவர். 1895-இல் டவுன் ஹாலில் அவர் அனுப்பிய அலை, குறுக்கே இருந்த மனித உடலையும் சுவர்களையும் ஊடுருவி, 75 அடி தள்ளியிருந்த மணியை ஒலிக்கவைத்தது, வெடிமருந்தையும் பற்றவைத்தது. கண்ணுக்குத் தெரியாத இந்த ஒளி செங்கல் சுவரைக் கடந்து போகும், அதனால் கம்பி இல்லாமலே செய்தி அனுப்பலாம் என்று பொதுமக்களுக்காக வங்காளியில் எழுதியும் வைத்தார். உலக மின்பொறியாளர் அமைப்பான ஐ.இ.இ.இ., போஸின் நுண்ணலைச் சோதனைகளை 2012-இல் தன் மைல்கல் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பெருமை நம் பள்ளிப் பாடங்களில் இன்னும் போதுமான அளவு வரவில்லை என்பது என் கருத்து.

◆ மணி அடிக்க ஒரே ஒரு துடிப்பு போய்ச் சேர்ந்தால் போதும். சினிமா பார்க்க நொடிக்குப் பல லட்சம் துடிப்புகள் பிழையில்லாமல் வரவேண்டும். போனில் இரண்டு கோடு சிக்னல் காட்டியும் வீடியோ சுற்றிக்கொண்டே இருப்பது இதனால்தான். அலை வந்துவிட்டது, ஆனால் வேலைக்கு ஆகும் பலத்தோடு வரவில்லை.

◆ வைஃபைக்குப் பொதுவாகப் பயன்படும் இரண்டு அலைகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர். 5 கிகாஹெர்ட்ஸ் அலை அதில் பாதிக்கும் கொஞ்சம் குறைவு. முன்னதில் தரவு வேகம் குறைவு, ஆனால் அலை சுவரைத் தாண்டியும் ஓரளவு பலத்தோடு நிற்கும். பின்னதில் தரவு வேகம் அதிகம், ஆனால் அலை இரண்டு சுவருக்குள் களைத்துவிடும். வட கொல்கத்தாவின் பாக்பஜார், சோபாபஜார் பக்கத்துப் பழைய வீடுகளில் சுண்ணாம்பும் செங்கல்பொடியும் கலந்து எழுப்பிய சுவர்கள் ஒன்றரை அடிக்கும் மேல் தடிமன்; கூரையைத் தாங்குவது இரும்பு உத்தரம். அங்கே 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான். ஆனால் அதே வீடுகளில் நடுவே முற்றமும், அதைச் சுற்றி மரப்பலகை ஜன்னல்களும் உண்டு. காய்ந்த மரம் அலையை அதிகம் தடுப்பதில்லை. முற்றத்தைப் பார்த்த ஜன்னலோரம் ரூட்டரை வைத்தால், சுவரைத் துளைக்க முடியாத சிக்னல் திறந்தவெளி வழியாக எதிர்ப்பக்கத்து அறைக்குப் போய்விடும். நியூ டவுன் அடுக்ககங்களில் நிலைமை வேறு. சுவர் மெல்லியது, தூணும் தளமும் இரும்புக் கம்பி பின்னிய கான்கிரீட். ஒரே மாடிக்குள் தாராளமாகப் பரவும், மாடி மாறினால் திணறும்.

◆ தூரம் இரட்டிப்பானால், தடையே இல்லாத வெளியிலும் கிடைக்கும் சக்தி கால் பங்காகிவிடும். வாசல் கதவருகே மூலையில் இருக்கும் ரூட்டரை வீட்டின் நடுவுக்கு நகர்த்துவது, புதிய ரூட்டர் வாங்குவதைவிடப் பல வீடுகளில் அதிகம் பலன் தரும்.

◆ 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைப் பட்டையை உரிமம் இல்லாமல் யாரும் பயன்படுத்தலாம் என்று மத்திய அரசு 2005-இல் விதி வெளியிட்டது. அதற்கு உச்சவரம்பும் உண்டு. கருவியின் வெளியீடு 1 வாட், ஆன்டெனாவின் பலத்தையும் சேர்த்து 4 வாட். ஆகவே எந்த விளம்பரம் எவ்வளவு தூரம் சொன்னாலும், சட்டப்படி விற்கும் எல்லா ரூட்டரும் இந்த எல்லைக்குள்தான். இன்னொன்று: ரூட்டர் உரக்கப் பேசினால் மட்டும் போதாது, உங்கள் போன் பதில் சொல்லவும் வேண்டும். சின்ன பேட்டரியில் ஓடும் போனின் குரல் ரூட்டரைவிடப் பெரும்பாலும் தாழ்ந்தது. எட்டும் தூரத்தைப் பல வீடுகளில் தீர்மானிப்பது அந்தத் தாழ்ந்த குரல்.

◆ பெட்டியில் ஏஎக்ஸ் 3000 என்று போட்டிருப்பது தூரக் கணக்கு இல்லை. 2.4 பட்டையின் 574 மெகாபிட்டையும் 5 பட்டையின் 2402 மெகாபிட்டையும் கூட்டி, முழு எண்ணாக்கிய வேகக் கணக்கு. ஒரு போன் ஒரு நேரத்தில் பொதுவாக ஒரு பட்டையில்தான் இணையும் என்பதால் அந்த மொத்தம் எந்தப் போனுக்கும் கிடைக்காது.

◆ ஆறு ஆன்டெனா இருந்தால் மூன்று மடங்கு தூரம் போகும் என்று தவறாக நினைப்பவர்கள் நிறைய. நிமிர்ந்து நிற்கும் ஆன்டெனாவைச் சுற்றி அலை பரவும் வடிவம் ஒரு பெரிய மெதுவடை. நடு ஓட்டையில் ஆன்டெனா நிற்கிறது. பக்கவாட்டில் நன்றாகப் போகும், நேர் மேலேயும் கீழேயும் சொற்பம். ஆன்டெனாவின் பலத்தைக் குறிக்கும் டிபிஐ எண் கூடக்கூட வடை அகன்று தட்டையாகும். ஒரே மாடியில் நீண்டு கிடக்கும் வீட்டுக்கு அது நல்லது. மாடி வீட்டுக்கு ஒரு ஆன்டெனாவையாவது படுக்கவையுங்கள்.

◆ ஆன்டெனாவின் நிமிர்வும் படுப்பும் ஏன் முக்கியம்? அலைக்கு அதிர்வுத் தளம் உண்டு. அனுப்புவதும் வாங்குவதும் அதில் ஒத்துப்போனால் சிக்னல் கூடும். இதை ஆராயப் போஸ் எடுத்த பொருட்கள் அருமையானவை. பிராட்ஷா ரயில் கால அட்டவணைப் புத்தகத்தின் பக்கங்களுக்கு இடையே தகரத்தாள் செருகி, ஒரு தளத்து அலையை மட்டும் கடக்கவிட்டார். பிறகு வங்காளத்துச் சணலையே எடுத்தார். வலப்பக்கம் முறுக்கிய சணல் கட்டு அலையின் தளத்தை ஒரு திசையில் திருப்பியது, இடப்பக்கம் முறுக்கியது எதிர்த்திசையில் திருப்பியது. 1898-இல் லண்டன் ராயல் சொசைட்டி அதை வெளியிட்டது.

◆ 1897-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் போஸ் காட்டிய புனல் வடிவ ஏற்பிதான் இன்றைய ஹார்ன் ஆன்டெனா. ஒரு திசையில் குவித்தால் மற்ற திசைகளில் குறையும். தோட்டத்து அறை, எதிர்க் கட்டடம் என்று ஒரே இடத்துக்கு அனுப்பவேண்டுமானால் திசை ஆன்டெனா சரி. வீடு முழுக்க வேண்டுமானால் அது வேண்டாம்.

◆ ஸ்டீல் பீரோ, பெரிய நிலைக்கண்ணாடி, மீன் தொட்டி: மூன்றின் பின்னாலும் ரூட்டர் வைக்கக் கூடாது. உலோகம் அலையைத் திருப்பி அனுப்பும், தண்ணீர் விழுங்கும்.

◆ மைக்ரோவேவ் அடுப்பு ஏறத்தாழ 2.45 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்கிறது. அது ஓடும்போது 2.4 வைஃபை தடுமாறினால் ரூட்டரைக் குறை சொல்லாதீர்கள். இண்டக்‌ஷன் அடுப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

◆ கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் போல வீடுகள் ஒட்டி நிற்கும் இடங்களில் உங்கள் பிரச்சினை தூரமே இல்லாமல் இருக்கலாம். பக்கத்து வீட்டுச் சத்தமாக இருக்கலாம். 2.4 பட்டையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11. எது காலி என்று பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.



◆ ரிப்பீட்டர் வாங்கலாமா? ஒரே ரேடியோவில் கேட்டு, அதிலேயே திருப்பிச் சொல்லும் மலிவு ரிப்பீட்டரில் வேகம் பாதியாகும். சிக்னல் செத்துப்போன அறையில் அதைச் செருகுவதும் வீண். அங்கே திருப்பிச் சொல்ல அதற்கே எதுவும் கேட்காது. பாதி வழியில் வையுங்கள். சுவர் தடித்த பெரிய வீட்டுக்கு என் பரிந்துரை வேறு: விலை உயர்ந்த ஒரே ரூட்டருக்குப் பதில் நடுத்தர விலையில் இரண்டு எடுத்து, நடுவே லேன் கேபிள் இழுத்துவிடுங்கள். நல்ல கேபிள் 100 மீட்டர் வரை போகும், எந்தச் சுவருக்கும் தளராது. கொல்கத்தாவின் சாந்தினி மார்க்கெட்டில் வாங்கும்போது விலை கொஞ்சம் கூடினாலும் முழுச் செம்புக் கம்பியா என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசியதும் அதே நிற உறையில்தான் வருகிறது.