இரணைதீவு சொல்லும் பாடம்

லுணுகலை மலையில் வாழும் நமக்குக் கடல் தூரத்துச் சங்கதி. ஆயினும் ஐப்பசி, கார்த்திகையில் நமது தேயிலை மலைகளை நனைக்கும் அதே பருவமழைதான் வடக்கே இரணைதீவின் கிணறுகளையும் நிரப்புகின்றது. மண்ணை விட்டு வேறிடத்தில் வாழும் உங்களோடு அத்தீவைப் பற்றிப் பேச இந்த உறவே போதும்.

கிளிநொச்சி மாவட்டத்தின் பூநகரிப் பிரிவில், மேற்குக் கடலில் அருகருகே கிடக்கும் இரு சிறு தீவுகளே இரணைதீவு. அங்கே வாழ்க்கையின் பெரும்பகுதி வீட்டுக்கு வெளியேதான். சோளகம் பெயர்ந்து வாடை எழும்போது தொழிலும் மாறும். பிறை பார்த்து வற்று, பெருக்கு அறிவார்கள். நீர் வற்றும் வேளையில் பெண்கள் முழங்காலளவு கடலில் நடந்து கையாலேயே கடலட்டை பொறுக்குவார்கள். இந்தக் கடலட்டை கடலடி மண்ணைத் தின்று, அதிலுள்ள மக்கிய பொருளை எடுத்துக்கொண்டு, மண்ணைத் திரும்ப வெளியே விடுகின்றது. நமது தோட்டத்து மண்புழு செய்கின்ற வேலையைத்தான் அது கடலில் செய்கின்றது. குஞ்சுகளையும் வாரி எடுத்தால் அடுத்த வருடம் கடல் வெறுங்கையாக அனுப்பிவிடும்.

இத்தகைய தீவுகளில் நன்னீரும் அப்படித்தான். மழைநீர் மணலில் ஊறி, அடியிலுள்ள உப்புநீரின் மேல் மிதந்து நிற்கும். வாளியால் அளவாக அள்ளினால் ஊற்று நிலைக்கும். இயந்திரம் வைத்து இறைத்தால் உப்பு மேலேறிவிடும். இதை அறியாதவர் ஒரே கோடையில் கிணற்றைக் கெடுத்துவிடுவர்.

1992 இல் யுத்தத்தால் இம்மக்கள் தீவை விட்டு வெளியேறினர். முழங்காவில் கரையில், இரணைமாதா நகர் என்ற குடியிருப்பில் வாழ்ந்தனர். யுத்தம் 2009 இல் முடிந்த பின்பும் கடற்படை அங்கே நிலைகொண்டிருந்ததால் திரும்ப முடியவில்லை. 2017 மே மாதம் தொடர் போராட்டத்தில் அமர்ந்தனர். சுமார் ஒரு வருடம் காத்திருந்தும் பலனில்லை. 2018 ஏப்ரல் 23 ஆம் திகதி, வெள்ளைக் கொடிகளைக் கட்டிய படகுகளில் தாங்களே தீவுக்குச் சென்று இறங்கினர். முதலில் ஆலயத்துக்குச் சென்று செபித்தனர். வீடுகளில் சுவர்களே எஞ்சியிருந்தன. மறுமாதம் அரசாங்கம் அவர்கள் அங்கு தங்கச் சம்மதித்தது.

26 வருடங்களில் ஒரு தலைமுறை தீவில் வாழாமலே வளர்ந்துவிட்டது. அப்பிள்ளைகளுக்குக் கிணற்றையும் காற்றையும் காட்டிக் கொடுக்க மூத்தோர் இருந்தமையே அவ்வூரின் பெரிய சொத்து.

எல்லோராலும் திரும்ப முடியாது என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியது. அத்தகைய சரிவுக்குத் திரும்பிப் போ என்று யாரும் சொல்லக்கூடாது. ஆனால் மண்ணைப் பற்றிய அறிவு மண்ணோடு புதைந்துபோக வேண்டியதில்லை. எந்த ஊற்று எந்த மாதம் வற்றும், எந்தச் சரிவில் நீர் கசிந்தால் ஆபத்து, எந்த விதை எந்த மழைக்கு என்பதெல்லாம் உங்கள் தாத்தா, பாட்டிமாரிடம் இருக்கின்றது. புதிய காணி பத்துப் பேர்ச்சாயினும் அந்த அறிவு அங்கே முளைக்கும்.

குழுவாகக் கூடிப் பேசுங்கள்:

1. நாம் விட்டுவந்த மண்ணைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு என்ன தெரியும்?

2. இப்போது வாழும் இடத்தின் நீரையும் காற்றையும் நாம் எவ்வளவு அறிந்திருக்கிறோம்?

3. மூத்தோர் சொல்வதை ஒரு கொப்பியில் எழுதிவைக்க யார் முன்வருவார்?