டிம்மர் கேட்டால் பல்பை விசாரியுங்கள்

மளிகையோடு மின்சாமான்களும் வைத்திருக்கும் நம் கடைகளுக்கு, விற்ற டிம்மர் சுவிட்ச் திரும்பி வருவது பெரும் தலைவலி. அட்டை பிரித்த சரக்கை மொத்த வியாபாரி எளிதில் திரும்ப எடுப்பதில்லை. நஷ்டம் நம் தலையில். நாம் பார்த்தவரை சரக்கில் பழுதிருப்பது அபூர்வம், அளவு பொருந்தாததே காரணம்.

குண்டு பல்புக்குக் கணக்கு எளிது. 60 வாட் பல்பு 4 என்றால் 240 வாட். 400 வாட் டிம்மர் தாராளம். 6 பல்பு என்றால் 360 வாட். 400 தாங்கும்தான், ஆனாலும் சூடேறும் என்பதால் 650 வாட் கொடுப்பதே நல்லது.

எல்.இ.டி.யில் இந்தக் கணக்கு செல்லாது. 9 வாட் பல்பு 4 சேர்ந்தாலும் 36 வாட்தான். குண்டு பல்புக்கென்று செய்த டிம்மர் பலவற்றுக்கு இந்தப் பளு போதாது, விளக்கு மினுக்கும். ஆகவே அட்டையில் குறைந்தபட்ச வாட்டையும் பாருங்கள். 400 வாட் என்றிருப்பதால் அவ்வளவுக்கும் எல்.இ.டி. மாட்டலாம் என்று சொல்லிவிடாதீர்கள். போட்ட கணத்தில் அவை இழுக்கும் மின்சாரம் அதிகம், எல்.இ.டி.க்கு உரிய அளவு வெகுவாகக் குறையும். பல்பின் அட்டையிலும் 'டிம்மபிள்' என்றிருக்க வேண்டும். மின்விசிறி ரெகுலேட்டரை டிம்மர் என்று கொடுப்பதோ வேண்டவே வேண்டாம்!