இயந்திரங்களின் உரையாடலும் மௌனமும்

ஊர் ஒன்றின் குடிநீர் ஏற்று நிலையத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே மோட்டாரை இயக்கி நிறுத்துவது பி.எல்.சி. எனப்படும் கட்டுப்பாட்டுக் கருவி. 600 மீட்டருக்கு அப்பால் மேல்நிலைத் தொட்டியில் நீர்மட்ட மானி இருக்கிறது. தொட்டி நிறைந்தது என்னும் செய்தி கம்பி வழியாக வந்ததும் மோட்டார் நிற்க வேண்டும். கம்பி அறுந்துவிட்டால் என்ன ஆகும்? இவ்வினாவுக்கு முன்னதாகவே விடை வகுத்து வைத்தல் இத்துறையின் தலையாய கடமையாகும்.

தொடர்முறைத் தொடர்பில் ஒவ்வொரு பைட்டும் பிட் பிட்டாக, ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லுகிறது. செய்திக்குரிய 8 பிட்டுகளுடன் தொடக்கக் குறி, சரிபார்ப்புக் குறி, முடிவுக் குறி ஆகியவையும் சேர்ந்து 11 ஆகின்றன. வேகம் விநாடிக்கு 9600 பிட் எனில், ஒரு பைட் செல்ல ஏறக்குறைய 1.15 மில்லிவிநாடி பிடிக்கும். வேகமும் குறிகளின் அமைப்பும் இரு புறத்தும் ஒத்திராவிடில், வருவது வெறும் இரைச்சலே.

1960-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட ஆர்.எஸ்.232 தரம் இரு கருவிகளைச் சிறு தொலைவில் இணைக்க ஏற்றது. 1983-இல் தோன்றிய ஆர்.எஸ்.485 தரம் இரு கம்பிகளுக்கிடையேயுள்ள மின்னழுத்த வேறுபாட்டையே செய்தியாகக் கொள்ளுகிறது. கம்பிகள் ஒன்றோடொன்று முறுக்கப்பட்டிருப்பதால் மோட்டார்களின் மின்குறுக்கீடு இரண்டையும் ஏறத்தாழச் சமமாகத் தாக்கும், வேறுபாடு மாறுவதில்லை. குறைந்த வேகத்தில் இது 1200 மீட்டர் வரை எட்டும். கம்பியின் இரு கோடிகளிலும் 120 ஓம் தடை இணைப்பது, குறிகள் எதிரொலித்துத் திரும்பாமல் காக்கும்.

1979-இல் மோடிகான் நிறுவனம் வெளியிட்ட மோட்பஸ் என்னும் உரையாடல் முறை இன்றும் பரவலாக வழங்குகிறது. இதனை வகுப்பறையின் வருகைப் பதிவோடு ஒப்பிடலாம். ஆசிரியர் எண்ணைக் கூப்பிடுகிறார். அவ்வெண்ணுக்குரிய மாணவன் மட்டுமே விடையளிக்கிறான். அவ்வாறே கட்டுப்பாட்டுக் கருவி 1 முதல் 247 வரையுள்ள முகவரிகளுள் ஒன்றை அழைத்து வினவுகிறது. இரு மானிகளுக்கு ஒரே முகவரி தரப்பட்டால் இரண்டும் ஒருங்கே பேசி, விடை குழம்பும். ஒவ்வொரு செய்தியின் இறுதியிலும் வரும் இரண்டு பைட்டுகள், வழியில் பிழை நேர்ந்ததா என்பதைக் காட்டிக்கொடுக்கும்.

அளவு ஒன்றைக் கேட்கும் வினா 8 பைட். 9600 வேகத்தில் அது செல்ல 9 மில்லிவிநாடிக்குச் சற்று மேலாகும். விடைக்கும் ஏறக்குறைய அவ்வளவே. மானி ஆயத்தமாகும் நேரம் தனி. ஆகவே காத்திருக்கும் கால எல்லையை அளந்து வைத்தல் வேண்டும். எல்லை மிகக் குறுகினால் நல்ல மானியும் பழுதெனக் கருதப்படும். காலந்தாழ்ந்து வரும் விடை அடுத்த வினாவோடு மோதும். மிக நீண்டால், பழுதுற்ற ஒரு மானி ஏனையவற்றின் முறையையும் தாமதப்படுத்தும்.

எல்லாவற்றினும் பெரிய அபாயம் மௌனத்தில் உள்ளது. விடை வராதபோது கருவியின் நினைவகத்தில் முன்பு வந்த அளவு அழியாமல் இருக்கும். "தொட்டி பாதி" என்னும் பழைய அளவை நம்பி மோட்டார் ஓடிக்கொண்டேயிருக்கும். தொட்டி வழிந்து குடிநீர் வீணாகும். நேற்று வந்த மாணவனை இன்றும் வந்ததாக எந்த ஆசிரியரும் குறிப்பதில்லை. கருவியும் அந்நெறியைக் கைக்கொள்ள வேண்டும்: சிலமுறை மீண்டும் வினவுதல், பயனில்லையேல் அளவைச் செல்லாததென ஒதுக்குதல், எச்சரிக்கை மணி ஒலித்தல், மோட்டாரைப் பாதுகாப்பான நிலைக்குக் கொணர்தல். பாதுகாப்பான நிலை எது என்பதை மனிதரே முடிவு செய்தல் வேண்டும். குடிநீர் மோட்டாரை நிறுத்துவது நலம். தீயணைப்பு மோட்டாரை நிறுத்துவது கேடு.

இதனைச் சோதிப்பது எளிது. நிலையத்தை ஒப்புக்கொள்ளும் நாளில், பொறுப்பாளரின் அனுமதி பெற்று, மானியின் செய்திக் கம்பியைக் கழற்றிப் பார்த்தல் வேண்டும். எத்தனை விநாடியில் மணி ஒலித்தது, மோட்டார் நின்றதா என்பவற்றைப் பதிவேட்டில் எழுதிவைத்தல் நன்று. கம்பி இணைந்திருக்கும்போது நன்கு இயங்குவது பாதிச் சான்றே. அறுந்தபோதும் முறையாக நடந்துகொள்வதே முழுச் சான்று.